ஜன்னலோரத்துப் பச்சை

வீட்டுக்குள் வளரும் செடி என்று தாவரவியலில் தனியாக ஓர் இனம் கிடையாது. நர்சரிகளில் 'இன்டோர் பிளாண்ட்' என்ற பலகையின் கீழ் அடுக்கி வைக்கப்பட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை, வெப்பமண்டலக் காடுகளில் பெருமரங்களின் அடியில், மேலே விழும் சூரிய ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே தரையை எட்டும் இடங்களில் காலங்காலமாக வாழ்ந்து பழகியவை. அந்த நிழலும், ஆண்டு முழுவதும் பெரிதாக ஏறி இறங்காத வெப்பமும், மனிதர் தம் வசதிக்கென அமைத்துக்கொண்ட அறையின் சூழலோடு ஒத்துப்போகின்றன. அதனால்தான் அவை அறைக்குள் பிழைக்கின்றன. எஞ்சியவற்றில் பல, ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலிருந்து வந்தவை. அவை நிழலைவிட மறதியைத் தாங்கும் திறனால் வீடுகளில் இடம் பிடித்தன.

தமிழர் வீடுகளில் செடிக்கு எப்போதும் இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் கூரைக்கு வெளியே இருந்தது. முற்றத்தில் துளசி மாடம், கிணற்றடியில் வாழை, கொல்லையில் கறிவேப்பிலையும் முருங்கையும், வாசலோரத்தில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் என வெயிலும் மண்ணும் கிடைத்த இடங்களில் அவை வளர்ந்தன. பாத்திரம் கழுவிய தண்ணீர் தானாகவே வாழைக்குப் போய்ச் சேர்ந்தது. முற்றமும் கொல்லையும் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியபின் செடி கூரைக்கு உள்ளே வர வேண்டியதாயிற்று. அதனுடன் இரண்டு கேள்விகளும் உள்ளே வந்தன. அறைக்குள் இருக்கும் செடி அங்கே வாழும் மனிதருக்கு மெய்யாகவே ஏதேனும் நன்மை செய்கிறதா என்பது ஒன்று. செடி வளர்த்துப் பழக்கமில்லாத ஒருவர் எந்தச் செடியில் தொடங்கினால் அது பிழைக்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடையே இரண்டாவது கேள்விக்கு வழிகாட்டுகிறது என்பதால், இந்த அத்தியாயத்தில் அவை இரண்டும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

காற்றைச் சுத்தம் செய்கிறதா?

வீட்டுச் செடி அறைக் காற்றில் உள்ள நச்சை உறிஞ்சிவிடும் என்று பரவலாக நம்பப்படுவதற்குத் தெளிவான ஒரு தொடக்கம் உண்டு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு மேலை நாடுகளில் கட்டடங்கள் காற்றுப் புகாதவாறு இறுக்கமாகக் கட்டப்பட்டன. அவற்றுக்குள் வேலை செய்தோர் தலைவலி, கண் எரிச்சல், காரணமற்ற சோர்வு என்று முறையிடத் தொடங்கினர். ஒட்டுப்பலகை, தரைவிரிப்பு, வண்ணப்பூச்சு, பசை போன்றவற்றிலிருந்து அறை வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றில் கலக்கும் சேர்மங்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஐயுறப்பட்டது. 'ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்' எனப்படும் இவற்றுள், ஒட்டுப்பலகையின் பிசினிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடும், பெட்ரோல் ஆவியிலும் சிகரெட் புகையிலும் உள்ள பென்சீனும் அடங்கும். எந்தக் கட்டடத்தையும்விட இறுக்கமாக மூடப்பட்டது விண்கலம் என்பதால், இந்தச் சிக்கல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்குப் பெருங்கவலையாக இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஸ்டென்னிஸ் விண்வெளி மையத்தில் பில் வுல்வர்ட்டனும் அவருடைய குழுவினரும், கண்ணாடி போன்ற நெகிழிப் பலகைகளால் ஆன சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றைச் செலுத்தி, பெட்டியை மூடி, நேரம் செல்லச் செல்ல நச்சின் அளவு எவ்வளவு குறைகிறது என்று அளந்தனர். அளவு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. இலைகள் மட்டுமன்றி வேரைச் சுற்றியுள்ள மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளும் அதில் பங்கு வகிப்பதாகத் தெரியவந்தது. 1989இல் வெளியான அந்த அறிக்கைதான், இன்றுவரை நர்சரிகளின் விளம்பர அட்டைகளில் 'நாசா பரிந்துரைத்த செடி' என்ற வாசகமாகத் தொடர்கிறது.

அந்தச் சோதனையில் பிழை ஏதும் இல்லை. அதன் முடிவை வீட்டுக்கு எடுத்து வந்ததில்தான் பிழை நேர்ந்தது. மூடிய பெட்டிக்குள் காற்று மாறுவதில்லை. வீட்டிலோ ஜன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் உள்ளிருக்கும் காற்று வெளியேறி, வெளிக்காற்று ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் காற்றோட்டம் அறையிலிருந்து நச்சை வெளியேற்றும் வேகத்தோடு ஒப்பிட்டால்தான் செடியின் உழைப்பு எவ்வளவு என்று சொல்ல முடியும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் கம்மிங்ஸ், மைக்கேல் வாரிங் ஆகிய இருவரும் அதைத்தான் செய்தனர். அதுவரை வெளிவந்திருந்த 12 ஆய்வுகளிலிருந்து 196 சோதனை முடிவுகளைத் திரட்டி, அவற்றை ஒரே அளவுகோலுக்கு மாற்றிக் கணக்கிட்டு, 2019இல் தம் முடிவை வெளியிட்டனர்: ஒரு கட்டடத்தின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் தேவைப்படும். மிகக் குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும், 1000 சதுர அடி வீட்டில் 900க்கும் மேற்பட்ட தொட்டிகள் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் மனிதர் நடமாட வழியிருக்காது. அதே வேலையை, எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள இரண்டு ஜன்னல்களைத் திறந்துவைப்பது சில நிமிடங்களில் செய்துவிடும்.

பிராணவாயுவைப் பற்றிய நம்பிக்கையும் இத்தகையதே. ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மங்கிய அறையொளியில் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு ஒளிச்சேர்க்கையின் வழியாக ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் கரியமில வாயு, தோராயக் கணக்கில், ஓரிரு கிராம்தான். ஆக ஒரே ஒரு மனிதரின் மூச்சை ஈடுகட்டவே பல நூறு சதுர மீட்டர் இலை வேண்டும். இந்தக் கணக்கை மறுபக்கம் திருப்பினால் இன்னொரு பழைய அச்சமும் அகன்றுவிடுகிறது. இரவில் செடிகள் கரியமில வாயுவை வெளிவிடும், ஆகவே புளியமரத்தடியில் உறங்கலாகாது, படுக்கையறையில் செடி வைக்கலாகாது என்று சொல்லப்படுவதுண்டு. இருளில் செடி சுவாசிப்பது உண்மைதான். ஆனால் ஒரு சதுர மீட்டர் இலை இரவு முழுவதும் வெளிவிடுவது ஏறத்தாழ ஒரு கிராம் என்றால், அதே அறையில் படுத்திருக்கும் இன்னொரு மனிதர் வெளிவிடுவது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். உடன் உறங்குபவரைக் கண்டு அஞ்சாத ஒருவர் ஜன்னலோரத்துச் செடியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கண்ணுக்கும் கைக்கும்

காற்றைச் சுத்தம் செய்யவில்லை என்பதால் வீட்டுச் செடியால் பயனே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரமாகும். அதன் பயனை நுரையீரலில் தேடியதே தவறு. கண் வழியாகவும் கை வழியாகவும் அது மனத்தைத் தொடுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். அங்கே சில அறைகளின் ஜன்னல்கள் மரங்களை நோக்கியும், வேறு சில ஒரு செங்கல் சுவரை நோக்கியும் அமைந்திருந்தன. வயது, பாலினம், புகைப்பழக்கம், உடல் எடை முதலியவற்றில் ஒத்திருந்த நோயாளிகளை இருவர் இருவராக இணைத்து, 23 இணைகளை ஒப்பிட்டபோது, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பியிருந்தனர். கடுமையான வலிநீக்கிகளும் முதல் பிரிவினருக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. ஆய்வு சிறியது, அதில் பார்க்கப்பட்டது ஜன்னலுக்கு வெளியே நின்ற மரமே அன்றித் தொட்டிச் செடியன்று என்பதை மறக்கக் கூடாது; ஆயினும் பசுமையைப் பார்ப்பது உடலில் அளக்கத்தக்க விளைவை உண்டாக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அதுவே அடித்தளமிட்டது.

அந்த விளைவு ஏன் உண்டாகிறது என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் தந்த விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறது. கணக்குப் பார்ப்பது, வாகனம் ஓட்டுவது, திரையில் வரும் செய்திகளைத் தரம்பிரிப்பது போன்ற வேலைகளில் மனம் வேண்டாதவற்றை விலக்கி, வேண்டிய ஒன்றன்மீது தன்னைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இத்தகைய முயன்று செலுத்தும் கவனம், தொடர்ந்து பயன்படுத்தினால் தசையைப் போலவே களைத்துப்போகும். காற்றில் அசையும் இலை, கொடியின் வளைவு, இலையின்மேல் விழுந்து நகரும் வெயில் போன்றவையும் பார்வையை ஈர்க்கின்றன. ஆனால் அதற்கு மனம் எந்த முயற்சியும் செய்யவேண்டியதில்லை. அந்த இடைவெளியில் களைத்த கவனம் இளைப்பாறி மீள்கிறது என்பது இவர்களது கோட்பாடு. இதைக் 'கவன மீட்புக் கோட்பாடு' என்பர்.

தொட்டிச் செடியையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில், ஜப்பானில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஒன்று எளிமையாலும் நேர்மையாலும் கவனத்துக்குரியது. அலுவலகப் பணியாளர் 63 பேர் தமக்குப் பிடித்த சிறு செடியொன்றைத் தேர்ந்து மேசைமேல் வைத்துக்கொண்டனர். களைப்புத் தோன்றும்போதெல்லாம் 3 நிமிடம் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பங்கேற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நாடித்துடிப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. மனப்பதற்றத்தை அளக்கும் வினாத்தாளிலும் முன்னேற்றம் தெரிந்தது. நான்கில் மூன்று பங்கினருக்கு நாடித்துடிப்பில் அத்தகைய தணிவு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொரியாவில் 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில், 24 இளைஞர்கள் ஒருமுறை செடியைத் தொட்டி மாற்றி நடும் வேலையையும், மற்றொரு முறை கணினியில் தட்டச்சு வேலையையும் செய்தனர். மண்ணைத் தொட்டுச் செய்த வேலைக்குப் பின் அவர்களது ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு குறைந்திருந்தது. பரபரப்பின்போது உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலமும் தணிந்திருந்தது.

இவை அனைத்தையும்விடச் சிந்திக்க வைப்பது, எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வாகும். ஒரு தளத்தில் இருந்த முதியோரிடம், அறையை எப்படி அமைப்பது, பொழுதை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் அவர்களது பொறுப்பு என்று கூறி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்; இன்னொரு தளத்தினருக்கும் செடி கொடுக்கப்பட்டது, ஆனால் அதற்குச் செவிலியரே தண்ணீர் ஊற்றுவர் என்று சொல்லப்பட்டது. சில வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் உற்சாகத்துடனும் நடமாட்டத்துடனும் காணப்பட்டனர். 18 மாதங்களுக்குப் பின் கணக்கெடுத்தபோது, பொறுப்பை ஏற்றிருந்த 47 பேரில் 7 பேரும், மற்றத் தளத்தின் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். இந்த வேறுபாட்டின் புள்ளியியல் வலிமை முதலில் சொல்லப்பட்டதைவிடக் குறைவு என்று ஆய்வாளர்களே பின்னர் திருத்தம் வெளியிட்டனர். நன்மை செடியால் வந்ததா, முடிவெடுக்கும் உரிமையால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் இயலாது. எனினும் இரு தளங்களிலும் செடி இருந்தது, ஒரு தளத்தில்தான் அது ஒருவரை நம்பி இருந்தது என்ற உண்மை முக்கியமானது. அறையில் செடி இருப்பதைவிட, அதைப் பேணுவதில்தான் நன்மையின் பெரும்பகுதி இருக்கிறது என்று கருத இடமுண்டு. அப்படியானால் தொடங்குபவருக்கு ஏற்ற செடி, காற்றைச் சுத்திகரிக்கும் பட்டியலில் முதலில் நிற்பதன்று, பேணுபவரின் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு உயிரோடு நிற்பதேயாகும். ஏனெனில் வாங்கிய மூன்றாம் வாரத்தில் வாடிப்போன செடி, 'என் கையில் எதுவும் பிழைக்காது' என்ற தவறான முடிவையே வீட்டில் விட்டுச் செல்கிறது.

ஒளியும் நீரும்

செடிக்கு ஒளி போதுமா என்று தீர்மானிப்பதில் மனிதக் கண்ணை நம்ப முடியாது. உச்சி வெயிலின் செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். 'லக்ஸ்' என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு. ஜன்னலை ஒட்டிய இடத்தில் அது சில ஆயிரமாகவும், விளக்கெரியும் கூடத்தின் நடுவில் 100 முதல் 300 ஆகவும் குறைந்துவிடும். கண்மணி விரிந்தும் விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டியும் இந்த நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாட்டை மறைத்துவிடுவதால், செய்தித்தாள் படிக்க முடிகிற மூலையெல்லாம் வெளிச்சமான மூலையாகவே தோன்றுகிறது. இலைக்கு அத்தகைய ஈடுகட்டும் வழி கிடையாது. அது ஒளிச்சேர்க்கையில் ஈட்டும் உணவும் சுவாசத்தில் செலவிடும் உணவும் சமமாகும் ஒளியளவை 'ஈட்டுப்புள்ளி' எனலாம். அதற்குக் கீழே வைக்கப்பட்ட செடி, சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்யும் குடும்பத்தைப் போல, சில மாதங்கள் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே மெலிந்து வரும். நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பார்த்தால், விரல்கள் தெளிவாகத் தெரியும் நிழல் விழும் இடம் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. மங்கலான திட்டு மட்டும் விழும் இடத்தில் நிழல் தாங்கும் சில செடிகளே நிற்கும். நிழலே விழாத இடத்தில் எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது. இதற்கு நேர்மாறான தவறும் நடப்பதுண்டு: மேற்குப் பார்த்த ஜன்னலில் கத்திரிக் காலத்துப் பிற்பகல் வெயில் நேரடியாக விழுமானால், காட்டு நிழலில் பழகிய இலைகளில் ஒரே நாளில் பழுப்புத் திட்டுகள் தோன்றிவிடும்.

வீட்டுச் செடிகள் சாவது பெரும்பாலும் தாகத்தால் அன்று. அன்பின் மிகுதியால் ஊற்றப்படும் தண்ணீரால். வேர்களும் சுவாசிக்கின்றன, மண்துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் நிற்கும் காற்றிலிருந்தே அவற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளிகள் நீரால் நிரம்பும்போது, நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவாகையால், வேர் மூச்சுத்திணறுகிறது. நலிந்த வேரை ஈர மண்ணில் காத்திருக்கும் பித்தியம் போன்ற பூஞ்சையொத்த நுண்ணுயிரிகள் தாக்கி அழுகவைக்கின்றன. அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாததால் இலைகள் தொங்குகின்றன. தொங்கும் இலையைத் தாகத்தின் அறிகுறியென்று எண்ணி வீட்டார் மேலும் தண்ணீர் ஊற்றுகின்றனர். தினம் ஒரு குவளை என்று நாள்கணக்கு வைத்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, மண்ணைக் கேட்டு ஊற்றும் பழக்கத்துக்கு வருவதே இதற்கு மாற்று. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். விரல்நுனியில் குளிர்ச்சி தட்டுப்பட்டு மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் தேவையில்லை, தூளாக உதிர்ந்தால் தேவை. சிறு தொட்டியானால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறையும் காய்ந்தபின் ஒருமுறையும் தூக்கிப் பார்த்த கைக்கு அந்த எடை வேறுபாடு மறக்காது. ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

சுட்ட மண் தொட்டியின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறுவதால், தண்ணீர் ஊற்றும் கையை அடக்க முடியாதவர்களுக்கு அதுவே உகந்தது. நெகிழித் தொட்டி ஈரத்தைப் பிடித்துவைப்பதால் மறதியுள்ளவர்களுக்குப் பொருந்தும். வெறும் செம்மண்ணோ களிமண்ணோ தொட்டிக்குள் நாளடைவில் கல்போல் இறுகிவிடும். செம்மண்ணுடன் தென்னை நார்த்தூளும் ஆற்று மணலும் மக்கிய சாண எருவோ மண்புழு உரமோ கலந்தால், நீரும் காற்றும் ஒருங்கே தங்கும் இடைவெளிகள் கிடைக்கும்.

முதல் செடி

கள்ளியைப் போலத் தண்ணீரைச் சேமிக்கும் செடிகள் ஏன் மறதியைப் பொறுக்கின்றன என்ற கேள்விக்கான விடையின் முதல் நுனி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில்தான் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன், ரணகள்ளியின் தடித்த இலையைக் காலையில் மென்றால் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருப்பதைக் கவனித்து, அதை ஒரு கடிதத்தில் எழுதினார்; அது 1813இல் லின்னேயச் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. இலையின் விளிம்பிலிருந்தே குட்டிச் செடிகள் முளைப்பதால் 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்று தமிழில் அழைக்கப்படும் அதே செடிதான் அது. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. அப்போது இலையின் நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. ரணகள்ளி வகைச் செடிகளோ குளிர்ந்த இரவில் மட்டும் துளைகளைத் திறந்து, எடுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களுக்குள் சேமித்து வைக்கின்றன. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம் இது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவை விடுவித்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ஹைனின் நாவில் பட்ட காலைப் புளிப்பு, இரவுச் சேமிப்பின் சுவை.

நர்சரிகளில் 'ஸ்நேக் பிளாண்ட்' என விற்கப்படும் செடியும் இவ்வகையைச் சேர்ந்தது. வாள்போல் நிமிர்ந்த, வரிகளோடிய இலைகளைக் கொண்ட இதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. ஆனால் இதன் நெருங்கிய உறவான மரல், தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களுக்கே உரியது, சங்க நூல்களிலும் இடம்பெறுவது. மருள் என்றும் வழங்கும் அதன் நாரிலிருந்து வில்லுக்கு நாண் திரிக்கப்பட்டது. ஸ்நேக் பிளாண்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும். மழைக்காலத்தில் மூன்று வாரம் ஆனாலும் அதற்குக் குறையில்லை. இது இரவிலும் பிராணவாயு தரும் என்று விற்பனையாளர்கள் சொல்வது மட்டும் சரியன்று. ஒளியின் ஆற்றலால் நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போதுதான் ஆக்சிஜன் பிறக்கிறது, இரவில் இந்தச் செடி செய்வது கரியமில வாயுவைச் சேமிப்பது மட்டுமே.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1990களின் பிற்பகுதியில் டச்சு நர்சரிகள் வழியே உலகெங்கும் பரவிய 'இசட் இசட்' செடி இன்னும் பொறுமையானது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் அது நீரைச் சேர்த்துவைப்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தாலும் இலைகளின் பளபளப்புக் குறையாது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த 'ஸ்பைடர் பிளாண்ட்' அவ்வளவு வறட்சி தாங்காது. ஆனால் அது தொங்கவிடும் தண்டுகளின் நுனியில் வேரோடு கூடிய குட்டிகள் தாமாகவே உருவாவதால், குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்க மிகவும் ஏற்றது. கற்பூரவல்லியும் சோற்றுக்கற்றாழையும் எளியவையே, எனினும் அவற்றுக்குப் பால்கனியின் வெயில் வேண்டும். துளசியைக் கூடத்தின் மூலையில் வைப்பதும், ரோஜாவை மேசைமேல் வளர்க்க முயல்வதும் தொடங்குபவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறுகள். அவை வெயிலுக்குப் பிறந்தவை.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. இசட் இசட், மணி பிளாண்ட், பெரிய புள்ளியிட்ட இலைகளைக் கொண்ட டைஃபன்பேக்கியா ஆகிய மூன்றும் சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சேனையை நறுக்கும்போது கையில் ஏற்படும் அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றின் இலைகளிலும் தண்டுகளிலும் நிறைந்துள்ளன. புளிக்கரைசலில் வேகவைத்துச் சேனையின் அரிப்பை அடக்கத் தெரிந்த சமையலறைக்கு இந்தப் படிகங்கள் புதியவை அல்ல. ஆனால் பச்சை இலையைக் கடித்த குழந்தையின் நாக்கும் தொண்டையும் வீங்கக்கூடும் என்பதால், தவழும் வயதுக் குழந்தையும் இலையை மெல்லும் பூனையும் உள்ள வீட்டில் இந்தத் தொட்டிகள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

மணி பிளாண்ட் எனத் தமிழகமெங்கும் அறியப்பட்ட கொடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பசிபிக் பெருங்கடலில் தாஹித்திக்கு அருகே உள்ள மூரியா என்னும் சிறு தீவே இதன் தாயகம். கூடத்தில் உள்ளங்கை அளவு இலைகளோடு தொங்கும் இதே கொடி, தோட்டத்து மாமரத்தில் ஏறவிட்டால் முறம் அளவுக்குப் பெரிய, கிழிந்த இலைகளை விடும். ஒரே செடி, பற்றி ஏறும் வாய்ப்புக் கிடைத்தால் இளமைப் பருவத்திலிருந்து முதிர்ந்த பருவத்துக்கு மாறிவிடுகிறது. ஆனால் முதிர்ந்த கொடியும் பூப்பதில்லை. பூப்பைத் தூண்டும் ஜிப்பெரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உருவாக்க வேண்டிய மரபணுக்களுள் ஒன்று இதில் சரிவர இயங்குவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது. பூவும் விதையும் இல்லாத இந்தக் கொடி கண்டம் விட்டுக் கண்டம் பரவியது, ஒருவர் வெட்டிக் கொடுக்க இன்னொருவர் வாங்கி நட்டதால்தான்.

வெட்டும் முறையும் எளிது. தண்டில் இலை புறப்படும் முட்டுக்குக் கணு என்று பெயர். கணுவின் அருகே பழுப்பு நிறத்தில் சிறு புடைப்பாகத் தெரிவது காற்று வேரின் தொடக்கம். அந்தப் புடைப்புக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி, கணு மூழ்கும்படி கண்ணாடிப் புட்டியில் வைத்தால், ஓரிரு வாரங்களில் வெள்ளை வேர்கள் நீளத் தொடங்கும். இலையை மட்டும் கிள்ளி வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்குமே தவிர, புதுத் தளிர் வராது. புட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது; முட்டையிலிருந்து கொசுவாக அது வளர ஏழு முதல் பத்து நாள்கள் போதும்; நீர்மட்டத்துக்கு மேலே புட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் நீரைக் கொட்டினாலும் போகாமல், உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே நீரை மாற்றும்போது புட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவி, வேர்களையும் ஓடும் நீரில் அலசிவிட்டு மீண்டும் வைக்க வேண்டும். வேர் ஒரு விரல் நீளம் வந்தபின் தொட்டி மண்ணுக்கு மாற்றலாம். மாற்றிய முதல் பத்து நாள்கள் மண் லேசான ஈரத்துடன் இருக்கட்டும், அதன்பின் விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றினால் போதும்.